வடிவு கண்ட கனி

சுனைக்காட்டில் சித்திரை முதல் நாள் விடியும்போது யாரும் தாமாகக் கண்ணைத் திறப்பதில்லை. விழிப்பு வந்துவிட்டாலும் இமையை இறுக்கிக்கொண்டு பாயிலேயே கிடப்பார்கள். வீட்டில் முதலில் எழுந்து கனி கண்டுவிட்ட ஒருவர் வந்து, பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்தி, படி இருக்கு, காலைத் தூக்கி வை என்று சொல்லிச் சொல்லிப் பூஜை அறைவரை நடத்திப் போய், நிறுத்தி, கையை எடுப்பார். எதிரே பித்தளைத் தாம்பாளத்தில் மா, பலா, வாழை, மஞ்சள் வெள்ளரி, கொன்றைப்பூ, நெல், வெற்றிலை, வீட்டில் இருக்கிற நகை, எல்லாவற்றுக்கும் பின்னால் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி. பழத்துக்கும் பொன்னுக்கும் நடுவில் அந்தக் கண்ணாடியில் அவரவர் முகம் தெரியும். 'கண்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். வருஷத்தின் முதல் பார்வை எதுவோ அதுவே வருஷம். நிறைவைக் காண்பவனுக்கு நிறைவு வரும், அந்த நிறைவுக்குள் தன் முகத்தையும் ஒரு பண்டமாகக் காண்பவனுக்கு அடக்கம் வரும் என்று அம்மன் கோயில் ஆறுமுகப் பண்டாரம் சாயங்காலம் பஞ்சாங்கம் வாசிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். மத்தியானம் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் போட்ட பச்சடியை உள்ளங்கையில் வாங்கி, கசப்பையும் இனிப்பையும் பிரிக்காமல் ஒரே வாயில் விழுங்க வேண்டும். துப்பக் கூடாது.

தெற்குத் தெருக்காரர்களுக்கு வீட்டில் கனி வைக்கிற வசதி இல்லை. பீடி சுற்றுகிறவர்களும் செங்கல் சூளைக்குப் போகிறவர்களும் இருக்கிற தெரு அது. அவர்களுக்கு அம்மன் கோயில் கனிதான் கனி. மேலவீட்டுச் சங்கரபாண்டி தன் தோப்பிலிருந்து பழங்களை அனுப்புவார், பண்டாரம் அடுக்கி வைத்துத் தான் முதலில் கண்டுவிட்டு, இருட்டோடு தெற்குத் தெருவுக்கு வந்து நிற்பார். கண்ணை மூடிய முதல் ஆள் அவர் தோளில் கையை வைப்பான், அவன் தோளில் அடுத்தவள், அவள் தோளில் அடுத்தவன் என்று ஒரு தெருவே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு, முன்னால் போகிற ஒருவரின் இரண்டு கண்களை மட்டும் நம்பி, சாக்கடை தாண்டி, பால் டிப்போ தாண்டி, மேலவீட்டின் பின்சுவரை ஒட்டிய சந்து வழியாக அம்மன் கோயிலுக்குப் போகும். சிரிப்பும் கேலியுமாகத்தான் போவார்கள். எவனாவது ஒருத்தன் வேண்டுமென்றே இல்லாத பள்ளத்தைத் தாண்டுவான், அவனுக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரும் அந்தப் பள்ளத்தைத் தாண்டுவார்கள்.

அந்த வருஷமும் அப்படித்தான் போனார்கள். வரிசையின் நடுவில் உலகநாதன் இருந்தான். சங்கரபாண்டியின் டிராக்டரை ஓட்டுகிறவன். அவன் தோளில் அவன் மனைவி வடிவின் கை இருந்தது. வடிவின் தோளில் அவர்கள் மகள் ரேவதியின் கை. மேலவீட்டுப் பின்சுவர் இடுப்புயரம்தான். அதற்கு அந்தப் பக்கம் கிணறு, மோட்டார் ரூம், மோட்டார் ரூம் வாசலில் எப்போதும் எரிகிற ஒரு டியூப்லைட். வரிசை அங்கே வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், 'அத்தே' என்று கூப்பிட்டது. சங்கரபாண்டியின் மகள் சிவரஞ்சனியின் குரல் அது என்று எல்லோருக்கும் தெரியும். தென்காசியில் கல்லூரிக்குப் போன இடத்தில் வேறு ஊரில் வேறு சாதியில் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லி, பங்குனியிலிருந்து வீட்டைவிட்டு வெளியே விடப்படாமல் இருந்தவள் அவள் என்பதும் தெரியும். வரிசையில் இருந்த பெண்களில் பாதிப்பேர் அவளுக்கு அத்தை முறை. கண் திறந்திருந்த பண்டாரம் நின்றார். அவர் நின்றதால் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டி வரிசை முழுக்க நின்றது. அப்புறம் கனமான எதுவோ தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. பண்டாரம், நடங்க, நேரமாகுது என்றார். நடந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் முன்னைவிட அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தவிர அந்த நடையில் வித்தியாசம் ஒன்றுமில்லை. யாரும் கண்ணைத் திறக்கவில்லை, வருஷம் வீணாகிவிடும்.

வடிவு மட்டும் திறந்திருந்தாள். குரல் கேட்டதற்கும் தண்ணீர்ச் சத்தத்துக்கும் நடுவில் திறந்து, பார்த்து, மூடிக்கொண்டாள். கோயிலில் தன் முறை வந்தபோது மறுபடி திறந்து, தாம்பாளத்தைப் பார்த்து, எல்லோரையும் போலக் கண்டேன் என்று சொன்னாள்.

வெயில் ஏறுவதற்குள் செய்தி வந்தது. சிவரஞ்சனி கனி காண்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தானே எழுந்து நடந்துவிட்டாள், கூட்டிப் போக ஆள் வருவதற்குள் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். பூஜை அறை முன்கட்டில் இருக்கும்போது பின்கட்டுக்கு ஏன் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. ஊர் திரண்டு மேலவீட்டு வாசலுக்குப் போனது.

அங்கேதான் அது முதலில் தெரிந்தது. வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுகிற பெண்கள், அழுது கழுவிய கண்ணை அத்தனை பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எதிராளியின் கருமணிக்குள் மஞ்சளாக ஏதோ இருப்பதைக் கண்டார்கள். உற்றுப் பார்த்தால் தாம்பாளம். கடுகளவு பலாப்பழம், அதைவிடச் சின்ன மாம்பழம், நூல் மாதிரி ஒரு சங்கிலி, பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குள் அதே பெண்ணின் முகம். காலையில் எதை முதலில் பார்த்தார்களோ அது கண்ணிலேயே தங்கிவிட்டிருந்தது. எழவு வீட்டில் வைத்துப் பேசுகிற விஷயமில்லை என்பதால் அழுது முடித்துவிட்டு வெளியே வந்துதான் பேசிக்கொண்டார்கள்.

ஊர் அதற்குச் சீக்கிரம் பழகிவிட்டது. தன் கண்ணில் இருப்பது தனக்குத் தெரியாது, கண்ணாடியில் பார்த்தாலும் வெறும் கருமணிதான், அடுத்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டார்கள். செல்போனில் படம் எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் விழவில்லை. வெளியூர்க்காரர்களின் கண் எப்போதும்போல் இருந்தது. சுனைக்காட்டில் அன்று தூங்கி எழுந்தவர்களுக்கு மட்டுமே இந்த அடையாளம். இரவெல்லாம் கண்விழித்து வேன் ஓட்டிவிட்டு விடிந்தபின் வந்த பால்காரருக்கு ஒன்றும் ஒட்டவில்லை. மேலத்தெரு வீடுகளில் நகையோடு கனி கண்டவர்கள் வெயிலில் நிமிர்ந்து நடந்தார்கள். படுக்கையிலேயே செல்போனைத் தடவிப் பார்த்துவிட்ட பையன்கள் கண்ணில் யாரோ அனுப்பிய ரோஜாப்பூவும் வாழ்த்தும் இருந்தது. அவர்களை வீட்டுப் பெரியவர்கள் வருஷம் முழுக்கத் திட்டினார்கள். வீட்டில் கனி கண்டேன் என்று சத்தியம் செய்த ஒரு மருமகன் கண்ணில் மாமியார் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். டீக்கடையில் அவனை உட்காரவைத்து, அத்தை வாயில் எத்தனை பல் என்று எண்ணச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் கண்ணைப் பார்த்து, வெள்ளரிக்காய்தான் பெரிசா தெரியுது என்று குறை சொல்லிப் போனார்கள். பண்டாரத்தின் கண்ணில் கோயில் தாம்பாளம் குறையில்லாமல் இருந்தது. சந்தில் நின்றபோது அவர் எதைப் பார்த்திருந்தாலும் அதற்கு முன்பே கனி கண்டுவிட்டவர் அவர்.

வடிவு எழவு வீட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று படுத்திருந்தாள். உலகநாதனின் அக்கா செல்லத்தாய் கஞ்சி கொண்டுவந்து எழுப்பி உட்காரவைத்து, முகத்தை நிமிர்த்தி நெற்றியில் கை வைத்தவள், கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். வடிவின் இரண்டு கருமணியிலும் கிணற்றுச் சுவர் இருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் சுவரின் மேல் பாதி உடம்பு ஏறிய நிலையில், சந்தின் பக்கமாக முகத்தைத் திருப்பி, வாய் திறந்து, சிவரஞ்சனி இருந்தாள். அவள் முடி சங்கரபாண்டியின் கையில் இருந்தது. அவள் காலைத் தூக்கிப் பிடித்திருந்தவன் அவளுடைய அண்ணன் முத்துராஜ்.

"ஏட்டி, கண்ண மூடு" என்றாள் செல்லத்தாய்.

மூடினாள்.

"நீ எதுக்குட்டி தொறந்த?"

"அத்தேன்னு கூப்பிட்டா மதினி."

"என்னையுந்தான் கூப்பிட்டா. நான் தொறந்தேனா?"

 வடிவு கஞ்சியைக் குடிக்காமல் படுத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் தெற்குத் தெரு முழுக்க ஒவ்வொருவராக அவள் வீட்டுக்கு வந்தது. உறைமோர் கேட்டு வந்தார்கள், பீடித்தூள் கடன் கேட்டு வந்தார்கள், சும்மா வந்தேன் என்று வந்தார்கள். வந்து, ஒருதரம் கிட்டத்தில் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊரில் பார்க்காத ஆள் இல்லை. ஆனால் பார்த்தது யார் கண்ணிலும் ஒட்டவில்லை, அங்கே ஏற்கெனவே பழம் இருந்தது. வாசலைத் தாண்டியதும் மழையைப் பற்றியோ மின்வெட்டைப் பற்றியோ பேசினார்கள். உலகநாதன் ஒருவன் மட்டும் பார்க்கவில்லை. அக்கா சொல்லக் கேட்டதோடு சரி. அன்றிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான், சோறு போடும்போது தட்டைப் பார்த்தான், அவளோடு பேச வேண்டியிருந்தால் கதவு நிலையோடு பேசினான்.

சிவரஞ்சனியைக் கட்டிக்கொள்ளவிருந்த பையன் புகார் எழுதிக்கொடுத்து, போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். வடிவைத் திண்டாடவிடாமல் மரியாதையாகவே உட்காரச் சொல்லி, டார்ச் அடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, அம்மா, நீங்க கண்ணால பார்த்ததா வாயால சொல்லுங்க, எழுதிக்கறேன், ஆனா பக்கத்துல ஒருத்தராவது நானும் பார்த்தேன்னு சொல்லணும், கண்ணுக்குள்ள இருக்கறத நான் எதுல ஒட்டி மேல அனுப்புவேன் என்றார். வடிவு சொன்னாள். வரிசையில் வந்தவர்களைக் கேட்டார். நாங்க கண்ண மூடியில்லா வந்தோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதில் பொய் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. அவர் போனபின் அந்தப் பையனின் பைக் ஒருநாள் பஸ் ஸ்டாப் வரை வந்தது, சிலர் போய் அவனோடு பேசினார்கள், பைக் திரும்பிப் போனது.

சங்கரபாண்டி கோபப்படவில்லை. உலகநாதனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார். நல்ல கண்ணாடி, திருநெல்வேலியில் வாங்கியது. பண்டாரம் தெருவில் நின்று சமாதானம் சொன்னார்: கனி என்பது வருஷத்துக்கு வருஷம், அடுத்த சித்திரையில் புதுக் கனி கண்டால் பழையது தன்னால் போய்விடும், அதுவரைக்கும்தானே என்றார். அந்த வார்த்தை ஊருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதுவரைக்கும்தானே என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். வடிவின் மேல் பிரியமாக இருந்தார்கள், மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் வந்தது, ரேஷன் கடையில் அவளை முன்னால் விட்டார்கள், தெருக்குழாயில் அவள் குடத்தைத் தூக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் முகத்தைப் பார்க்காமல் செய்தார்கள். அவள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பீடி சுற்றினாள். கண்ணாடிக்குள் இலையும் தூளும் ஒரே நிறமாக இருந்ததால் தடவித் தடவிச் சுற்றிப் பழகினாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் பின்வாசல் வழியாக ஒருத்தி வந்தாள். சங்கரபாண்டியின் மனைவி, சிவரஞ்சனியின் அம்மா காந்திமதி. தெற்குத் தெருவில் அவள் காலடி வைத்து யாரும் பார்த்ததில்லை. வடிவு எழுந்து, வாங்க மதினி என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்து நின்றாள். காந்திமதி அவளை உட்காரச் சொல்லி, எதிரில் தானும் தரையில் உட்கார்ந்து, அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். வடிவு அவள் கண்ணைப் பார்த்தாள். அதில் பெரிய தாம்பாளம் இருந்தது, காசுமாலை இருந்தது, அடுக்கடுக்காகப் பழம் இருந்தது.

"தீவாளிக்கு எடுத்த சுடிதாரு" என்றாள் காந்திமதி. பிறகு, "இதுல என் பிள்ள இன்னும் விழல" என்றாள்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தாள். வரும்போது பேசமாட்டாள். பார்ப்பாள், விரலால் வடிவின் இமையோரத்தைத் தொடுவாள், போய்விடுவாள். படத்தில் இருக்கிற மற்ற இருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஐப்பசி அடைமழையில் வெளியே போக முடியாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்த ஒருநாள்தான் பேசினாள். அன்றைக்கு அவளைக் கணவர் பூஜை அறை வாசலில் நிறுத்தி, நான் வந்து கூட்டிப்போகிறவரைக்கும் கண்ணைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவளும் திறக்கவில்லை. பின்கட்டில் சத்தம் கேட்டபோதும் திறக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாகத் திறக்கக் கூடாது என்று நின்றாளாம்.

"அவுக வந்து கண்ணப் பொத்துனாவ. கை ஈரமா இருந்துது, வடிவு. குளிச்சிட்டு வந்திருக்காவன்னு நெனச்சேன். கனி காட்டுனாவ. கண்டேன்னு சொன்னேன்."

வெளியே மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. வடிவு அடுப்பைப் பற்றவைத்துக் கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்தாள். காந்திமதி அதைச் சூடு ஆறும்வரை கையில் வைத்திருந்து, குடிக்காமல் கீழே வைத்தாள்.

மாசி கழிந்து பங்குனி வந்தது. ஊரில் எல்லோருடைய கண்ணிலும் பழங்கள் இன்னும் வாடாமல் இருந்தன. வருஷம் முடியப் போகிறது என்ற நிம்மதி தெருவில் தெரிந்தது. கிணற்றைத் தூர்வாரி, சுவரைப் பூசி, சங்கரபாண்டி வெள்ளையடித்தார். மேலவீட்டில் சாவு விழுந்து வருஷம் திரும்பிவிட்டது, துட்டி கழிந்தது என்று பண்டாரம் நாள் பார்த்துச் சொன்னார். திதி இன்னும் வரவில்லையே என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் சாவு நடந்த வீட்டில் இந்த முறை கனி வைப்பது முறையில்லை என்பதால், தானும் மகனும் தெற்குத் தெருக்காரர்களோடு சேர்ந்து அம்மன் கோயில் கனியையே காண வருவதாகச் சங்கரபாண்டி சொல்லியனுப்பினார். தெருவுக்கு அது பெருமையாக இருந்தது.

அந்தப் பங்குனிக் கடைசியில் காந்திமதி வந்து, ஒரே ஒரு விஷயம் கேட்டாள். கோயில் கனியை இந்தத் தடவை என் கையால் வைக்கிறேன் என்று பண்டாரத்திடம் கேட்டு வாங்கிவிட்டேன், பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை என்று சொன்னாள். தாம்பாளத்துக்குப் பின்னால் கண்ணாடி வைக்கிற இடத்தில் நீ வந்து உட்காருவியா என்று கேட்டாள். தூங்கி முழித்தால்தானே புதுக் கனி ஒட்டும், நீ தூங்காமல் இருந்துவிட்டால் கண்ணில் இருப்பது அப்படியே இருக்கும், அப்புறம் வருகிறவர்கள் கண்ணைத் திறந்து முதலில் அவளைப் பார்க்கட்டும், வருஷம் முழுக்க வைத்திருக்கட்டும்.

வடிவு முடியாது என்றாள். என் வீட்டுக்காரர் உங்க வீட்டுச் சோறு தின்கிறார், எனக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது, இந்தக் கண்ணை இறக்கி வைத்துவிட்டு நான் ஒரு நாளாவது ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் மதினி, என்னை விட்டுவிடுங்கள் என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். காந்திமதி வற்புறுத்தவில்லை. சரி என்று எழுந்து, கடைசியாகப் பார்ப்பவள் போல ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் தெருப்பிள்ளைகள் விளையாடுவதை வடிவு பார்த்தாள். புது விளையாட்டு. ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து, கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். ஒரு பிள்ளை மட்டும் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அத்தே, அத்தே என்று கத்துகிறது. கண்ணைத் திறக்கிறவர் அவுட். கத்துகிற பிள்ளை நன்றாகவே கத்தியது, தொண்டை கிழிய, நிஜமாக அடிபட்டதுபோல. ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டு அவுட் ஆனார்கள். கடைசிவரை திறக்காமல் நடந்து, எதிர்ச் சுவரைத் தொட்டு, நான்தான் ஜெயிச்சேன் என்று கையைத் தூக்கியது ரேவதி.

வடிவு உள்ளே போய், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்வாசல் வழியாக மேலவீட்டுக்கு ஆள் அனுப்பினாள், வாரேன்னு சொல்லு என்று.

வருஷம் பிறக்கிற அன்று இருட்டோடு பண்டாரம் வந்தபோது, கனி வைக்க முந்தின நாளே சாவி வாங்கியிருந்த காந்திமதி கோயிலுக்குள் விளக்கோடு நின்றிருந்தாள். தாம்பாளம் நிறைந்திருந்தது. கொன்றைப்பூவை கொத்துக் கொத்தாகப் போட்டிருந்தாள். கண்ணாடி இல்லை. அந்த இடத்தில் வடிவு சம்மணம் போட்டு, கண் சிவந்து, இமை தடித்து உட்கார்ந்திருந்தாள். தூங்கிவிடாமல் இருக்க இரவெல்லாம் வேப்பம்பூவை மென்றிருந்ததால் அவள் உதடு வெளுத்திருந்தது. கண்ணை மூடியபடி வீட்டிலிருந்து தட்டுத்தடுமாறி வந்த பண்டாரம் வழக்கமான இடத்தில் நின்று, கைகூப்பி, கண்ணைத் திறந்தார். வடிவைப் பார்த்தார். அவள் கண்ணுக்குள் பார்த்தார். சந்தில் நின்று தான் போன சித்திரையில் திறந்த கண்ணோடு பார்த்ததைத்தான் மறுபடி பார்த்தார்.  கண்டேன் என்று சொல்லாமல் கையை இறக்கினார். வெளியே போய், தெற்குத் தெருப் பக்கம் நடந்தார். இவர் எச்சரித்துவிடுவார் என்று வடிவு நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் சந்தில் காலடிகள் கேட்டன. பண்டாரம் எதுவும் சொல்லாமல் முன்னால் வந்துகொண்டிருந்தார். அவர் தோளில் கைவைத்துச் சங்கரபாண்டி, அவருக்குப் பின்னால் முத்துராஜ், அவனுக்குப் பின்னால் தெரு. இந்த முறை யாரும் இல்லாத பள்ளத்தைத் தாண்டவில்லை.

சங்கரபாண்டி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நேராக நின்று, கண்ணைத் திறந்தார்.

அவர் எதையும் உடைக்கவில்லை. கத்தவில்லை. முதலில் பழத்தைத்தான் பார்க்க முயன்றார், ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்தவளின் கண் அவரை விடவில்லை. அவர் கருமணியில் வருஷம் முழுக்க இருந்த காசுமாலையும் மாம்பழமும் மங்கிப்போய், அந்த இடத்தில் தான் வந்து உட்காருவதை வடிவு பார்த்தாள். சின்னதாக, கொன்றைப்பூவுக்கு நடுவில், கண்ணில் கிணற்றோடு. இனி இவர் யாரிடம் பேசினாலும் எதிரில் நிற்கிறவர் இதைப் பார்ப்பார். சங்கரபாண்டி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். காந்திமதி விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

"கனி சரியில்ல" என்றார் அவர், டிராக்டருக்கு டீசல் போடச் சொல்கிற அதே குரலில். "யாரும் கண்ணத் தொறக்காண்டாம். அப்படியே திரும்பி வீட்டுக்குப் போங்க."

"எம்பிள்ள இங்கன இருக்கா" என்றாள் காந்திமதி. "பாத்துட்டுப் போங்க."

வரிசை அசையவில்லை. மூடிய இமைகளுக்குப் பின்னால் ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று காதால் தேடினார்கள். பிறகு முத்துராஜ் திரும்பினான். அவனைத் தொட்டிருந்தவள் திரும்பினாள். கடைசியில் நின்றவன் முதல் ஆளாக, வழிகாட்டக் கண் திறந்த ஒருவர்கூட இல்லாமல், சுவரைத் தடவிக்கொண்டு அந்த வரிசை வந்த சந்துக்குள்ளேயே திரும்பிப் போனது. செல்லத்தாய் போனாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, இமை கொஞ்சமும் நடுங்காமல், ரேவதி போனாள். வடிவுக்கு மகளைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் திறக்கமாட்டாள் என்று தெரிந்ததால் கூப்பிடவில்லை. சங்கரபாண்டி வெளியே போய்க் கோயில் குழாயைத் திறந்து, கண்ணில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவுகிற சத்தம் கேட்டது.

காலடிகள் தேய்ந்தபிறகும் ஒருவன் மண்டபத்தில் நின்றிருந்தான். உலகநாதன். கண்ணை இறுக மூடியிருந்தான். காலையில் பாயில் கையை நீட்டியபோது பக்கம் காலியாக இருந்ததிலிருந்தே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பண்டாரம் அவன் கையைப் பிடிக்க வந்தார். அவன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தூணைத் தொட்டு, அடுத்த தூணைத் தொட்டு, தரையைக் காலால் துழாவிக்கொண்டு வந்தான். தாம்பாளத்தின் விளிம்பு கால்விரலில் இடித்ததும் முட்டிபோட்டு உட்கார்ந்தான். ஒரு பலாச்சுளையின் மேல் அவன் கை பட்டு நழுவியது.

"வேலை போயிரும்" என்றான்.

"தெரியும்" என்றாள் வடிவு.

"ஊர்ல இருக்க விடமாட்டாவ."

"தெரியும்."

"உன் கை அன்னைக்கு என் தோள்லதான் இருந்துது. நீ தொறந்தது எனக்குத் தெரியும். நகத்தால அழுத்துன."

 உலகநாதன் கண்ணைத் திறந்து, ஒரு வருஷமாகப் பார்க்காத மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுவந்து, அவள் இடது கண்ணைப் பார்த்தான், வலது கண்ணைப் பார்த்தான். நெடுநேரம் ஆனது. 

"கண்டேன்" என்றான்.

காந்திமதி விளக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவன் மோவாயைப் பிடித்துத் திருப்பி, குனிந்து அவன் கண்ணுக்குள் தேடினாள். அங்கே வடிவு இருந்தாள், வடிவின் கண்ணில் கிணற்றுச் சுவர் இருந்தது, சுவரின் மேல், பார்க்க முடியாத அளவு சின்னதாக, விழாமல், ஒரு சுடிதாரின் நிறம் இருந்தது.

"இருக்கா" என்றாள்.

வடிவு தூணில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, தூங்கிப்போனாள்.